மயில் கழுத்து நிறத்துக்கு ஒரு கம்ப்யூட்டர்

சென்ற தை மாதம், வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், ஆரணியை ஒட்டிய சேவூரில் எங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு பார்சல் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து பார்சல் போவதுதான் வழக்கம், வருவது கிடையாது. அதனால் கூரியர்காரரிடமிருந்து அதை வாங்கும்போதே என் அண்ணிக்கு முகம் விழுந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால், திருச்சிப் பக்கம் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு நாங்கள் அனுப்பிய அதே பட்டுப்புடவை. மடிப்புகூடக் கலையவில்லை. மேலே ஒரு துண்டுச் சீட்டு, ‘கலர் வேற’ என்று.

அண்ணி புடவையை எடுத்துக்கொண்டு நேராகத் தெருவுக்குப் போனார். எங்கள் பக்கத்தில் பட்டின் நிறத்தை யாரும் விளக்கு வெளிச்சத்தில் நம்ப மாட்டார்கள். கடையில் வாங்கினாலும் சரி, தறியிலிருந்து அறுத்தாலும் சரி, தெரு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்த பிறகுதான் இது இன்ன கலர் என்று பேச்சே எடுப்பார்கள். நான் உள்ளே ஓடி லேப்டாப்பைத் தூக்கி வந்து, அந்தப் பெண்ணுக்கு அனுப்பிய வீடியோவைப் புடவைக்குப் பக்கத்தில் வைத்து ஓட்டினேன். அண்ணி தன் ஃபோனில் அதையே ஓட்டினார். லேப்டாப்பில் ஒரு நிறம், ஃபோனில் ஒரு நிறம், கையில் இருந்த புடவை மூன்றாவது நிறம்.

மூன்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு அந்த யோசனை பளிச்சென்று வந்தது. புடவை ஒழுங்காகத்தான் இருக்கிறது. நான் எடிட் செய்கிற இந்த லேப்டாப்தான் பொய் சொல்கிறது. இதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, வீடியோ எடிட்டிங்குக்கென்றே ஒரு டெஸ்க்டாப் வாங்க வேண்டும். அதுவும் இந்த வாரமே.

கொஞ்சம் முன்கதை சொல்லிவிடுகிறேன். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு, சென்னையில் ஒரு வேலையில் சேர்ந்து, நாற்காலியில் உட்கார்ந்திருக்கப் பொறுக்காமல் ஊருக்குத் திரும்பி வந்தவள். அண்ணனும் அண்ணியும் பட்டு நெய்கிறவர்கள். நெய்ததை மொத்த வியாபாரியிடம் கொடுத்துவிட்டு அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வருவதுதான் பல வருடப் பழக்கம். அண்ணிதான் ஒருநாள், நாமே வீடியோ போட்டு விற்றால் என்ன என்று ஆரம்பித்தார். அவர் புடவையை விரித்துப் பேசுவார், நான் ஃபோனில் எடுத்து, வெட்டி, ஒட்டி, பாட்டில்லாமல், அளவாகப் போடுவேன். எங்கள் ஜோடி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது, இந்தப் பார்சல் வரும்வரை.

திரும்பி வந்த புடவை மயில் கழுத்து நிறம். நெடுக்கே ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் பச்சை. நேராகப் பார்த்தால் நீலம், சாய்த்தால் பச்சை, நடந்தால் இரண்டும் ஓடும். என் லேப்டாப்பின் திரை வயதாகி வெளிறிப் போயிருந்தது. அதில் நன்றாகத் தெரியட்டும் என்று நீலத்தை ஏற்றியிருக்கிறேன். மற்றவர் ஃபோனில் அது சுத்தமான நீலமாகப் போய் நின்றிருக்கிறது. பச்சை எங்கே போனதென்றே தெரியவில்லை.

அன்று சாயங்காலமே அந்தப் பெண் கூப்பிட்டாள். கோபமாகப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவ்வளவு மரியாதையாகப் பேசினாள்.

"அக்கா, புடவையில ஒரு குறையும் இல்ல. ஆனா நான் வீடியோவில பார்த்தது நீலம். அந்த வீடியோவ வச்சுத்தான் அவருக்குச் சட்டைத் துணி எடுத்துட்டோம். இப்போ பக்கத்துல வச்சா சேரவே மாட்டேங்குது."

வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டாரும் கூடுகிறார்களாம். அதற்குள் நீலத்தில் இருக்கிற புடவைகளை இன்னொரு முறை வீடியோ எடுத்து அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன், இல்லையென்றால் இங்கேயே கடையில் எடுத்துவிடுவார்கள் என்றாள். அண்ணி சரிம்மா, சரிம்மா என்று தலையாட்டிவிட்டு ஃபோனை வைத்தார்.

"இந்த ஒரு தபா பார்ப்போம் பாப்பா. இதுவும் திரும்பி வந்துச்சின்னா, வீடியோவும் வேணா ஒண்ணும் வேணா. முன்ன மாதிரி வியாபாரிகிட்டயே குடுத்துட்டு கம்முனு இருந்துடுறேன். கல்யாணப் பொண்ண அலைய விடறது பாவம்டி."

நான் டெஸ்க்டாப் விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் பீரோவைத் திறந்து, வாஷிங் மெஷினுக்கென்று சேர்த்து வைத்திருந்ததை எடுத்து என் கையில் வைத்துவிட்டார்.

"துணிய கையால தோய்ச்சிக்கலாம். கலர கையால தோய்க்க முடியுமா?"

அண்ணன் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "நம்ம பக்கம் எல்லாம் சரி பண்ணிட்ட. பார்க்கறவங்க ஃபோன் எப்டி இருக்கும்னு உனுக்குத் தெரியுமா?"

நியாயமான கேள்விதான். ரெண்டு பக்கமும் கோணலா இருக்கிறதுக்கு நம்ம பக்கமாவது நேரா இருக்கட்டுமே என்றேன். அவர் தறியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் திரும்பிக்கொண்டால் சம்மதம் என்று எங்கள் வீட்டில் பொருள்.

இனி என் அவசரத்தைக் கேளுங்கள். கம்ப்யூட்டர் பற்றிய வீடியோக்களை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். சென்னையில் இருக்கிற தோழியைக் கேட்டேன். எல்லோரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள்: கேம் விளையாடுகிற பெரிய டெஸ்க்டாப் வாங்கு, கேம் ஓடினால் எல்லாம் ஓடும். எனக்கு அது ஒட்டவில்லை. நான் விளையாடப் போவதில்லை. ஃபோனில் எடுத்த வீடியோவை அது தடுமாறாமல் ஓட்ட வேண்டும், நான் கலரைத் தொட்டால் உறையக் கூடாது, மானிட்டர் உண்மை பேச வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவே. பழைய லேப்டாப்பிலேயே புது மானிட்டரைச் சொருகிக்கொள்ளலாமா என்றும் யோசித்தேன். அந்த லேப்டாப்புக்கு வீடியோவைத் திறக்கவே மூச்சு வாங்கும், கலரில் கை வைத்தால் அப்படியே நின்றுவிடும். ஆகவே பெட்டியும் வேண்டும், மானிட்டரும் வேண்டும்.

அதனால் ஒரு முடிவு செய்தேன். யார் சொல்வதையும் கேட்டு வாங்குவதில்லை. நம் வீடியோவை அந்தக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துத்தான் வாங்குவது. காலை வெளிச்சத்தில் அந்த மயில் கழுத்துப் புடவையை வாசலில் விரித்து, முதலில் ஒரு வெள்ளைக் காகிதத்தைக் காட்டி, பிறகு புடவையை மெல்ல அசைத்து எடுத்தேன். கலரில் கை வைக்கவே இல்லை. அதையும், எடிட்டிங் மென்பொருளையும் ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக்கொண்டேன். அண்ணி புடவையை ஒரு மஞ்சப் பையில் வைத்துக்கொண்டார். பஸ் ஏறும்போது அண்ணன் கேட்டார்: "பொட்டி வாங்கப் போறீங்களா, பொண்ணு பார்க்கப் போறீங்களா?"

வேலூரில் நாங்கள் போன கம்ப்யூட்டர் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. உள்ளே நுழைந்ததும் கண் கூசியது. சிவப்பும் ஊதாவுமாக விளக்குகள் ஓடிக்கொண்டே இருக்க, கண்ணாடி வைத்த பெட்டிகள் வரிசையாக நின்றன. கடைக்கார பாய் நல்ல பேச்சுக்காரர். எடிட்டிங் என்று நான் சொன்னதுமே ஒரு கண்ணாடிப் பெட்டியின் தலையில் கை வைத்துவிட்டார்.

"இதாம்மா. இதுக்கு மேல ஒண்ணு கிடையாது. ரெடியா கட்டி வச்சிகிறேன். ஜல்தியா பில் போட்டா சாயங்காலம் ஊட்ல ஓடும்."

முதலில் மானிட்டர் பார்க்கலாம் பாய் என்றேன். சுவரில் இருந்த எல்லா மானிட்டரிலும் ஒரு பச்சைக்கிளியின் படம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாக் கிளிகளும் பளபளவென்று இருந்தன. அண்ணி மஞ்சப் பையிலிருந்து புடவையை எடுத்து விரித்தார். அந்த ஊதா வெளிச்சத்தில் மயில் கழுத்து கறுப்பாகத் தெரிந்தது.

"பாய், இந்த டிவிய கொஞ்சம் வெளிய எடுத்துக்கினு வாங்க. வெளிச்சத்துல பார்க்கணும்."

"அக்கா, இது புடவக் கட இல்ல."

"தெரியுது பாய். புடவக் கடையா இருந்தா நாங்களே எடுத்துக்கினு போயிருப்போம்."

பாய் என்னைப் பார்த்தார். நான் ஏற்கெனவே ஒரு மானிட்டரின் வயரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடைப் பையன்களில் ஒருவர் எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து வர, ஒரு ஸ்டூலைப் போட்டு, மூன்று மானிட்டர்களை ஒவ்வொன்றாகத் தெருவில் வைத்து ஓட்டினோம்.

வெயிலில் ஒன்றுமே தெரியவில்லை. திரை முழுக்க எங்கள் மூஞ்சிதான் தெரிந்தது. எதிரில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா எழுந்தே வந்துவிட்டார். "இன்னாமா, கரண்ட் இல்லியா இதுல?" என்றார். ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு, கண்ணாடி வாங்கறதா இருந்தா பக்கத்துத் தெருவுல சல்லிசா கிடைக்கும் என்றார். அண்ணிக்கு வெட்கம் தாங்கவில்லை. பட்டுக்குச் செய்வதைத் திரைக்கும் செய்துவிட்டோம். பட்டு வெளிச்சத்தை வாங்கிப் பேசும், திரை தானே வெளிச்சம் கொடுப்பது, வெயிலோடு போட்டி போட முடியுமா?

ஆனாலும் அண்ணி சொன்னதில் பாதி சரி. புடவைக்கு வெளிச்சம் வேண்டும், திரைக்கு நிழல் வேண்டும். ஸ்டூலைக் கடை வாசல்படிக்கு இழுத்தேன். மானிட்டர் உள்பக்கம், புடவை வெளிப்பக்கம். ஒரு காலி அட்டைப்பெட்டியை வெட்டித் திரைக்குக் குல்லாய் மாதிரி மாட்டினேன். இப்போது தெரிந்தது.

முதல் மானிட்டரில் புடவை கண்ணைப் பறித்தது. மெனுவுக்குள் போய்ப் பார்த்தால், கடையில் கவர்ச்சியாகத் தெரிவதற்காக எல்லா நிறத்தையும் ஏற்றி வைத்திருந்தார்கள். அதை எடுத்துவிட்டால் நீலம் தூக்கலாக நின்றது. இரண்டாவது, நேராகப் பார்த்தால் ஏறக்குறைய சரி. ஆனால் அண்ணி பட்டைப் பார்க்கிற மாதிரியே தலையை இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை சாய்த்துப் பார்த்தார். பக்கவாட்டில் நிறம் வெளிறிப்போனது.

"எடிட் பண்றவங்க நேராத்தானக்கா ஒக்காருவாங்க?" என்றார் பாய்.

"அவ நேரா ஒக்காருவா. நான் பக்கத்துல நின்னுகினு இல்ல பார்ப்பேன்?"

மூன்றாவது மானிட்டர் எந்த அலட்டலும் இல்லாத ஒரு கறுப்புச் சட்டம். அதில் வீடியோ ஓடியபோது அண்ணி நெருங்கி வந்தார். கையில் இருந்த புடவையைச் சாய்த்தார், திரையில் புடவை சாய்ந்தது. இரண்டிலும் நீலத்துக்கு அடியிலிருந்து பச்சை மேலே வந்தது. பூக்கார அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "ஆங்... இது ஒத்துக்கிச்சு." மானிட்டர் முடிந்தது.

அடுத்து பெட்டி. பாய் கண்ணாடிப் பெட்டியில் என் மென்பொருளை ஏற்ற அனுமதித்தார். வீடியோ முதலில் ஓடியது. வெறுமே ஓடுவது பெரிதல்ல என்று கலரைத் தொட்டேன். புடவை மடிப்பு மடிப்பாக நின்று நின்று நகர்ந்தது. இன்னொரு வீடியோவை ஒட்டினேன், மவுஸே நகர மாட்டேன் என்றது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால், விளக்குக்கும் கண்ணாடிக்கும் கொடுத்த கவனத்தை ரேமுக்குக் கொடுக்கவில்லை. கிராபிக்ஸ் கார்டு பார்க்கப் பெரிதாக இருந்தாலும் பழைய தலைமுறை. ஃபோன் வீடியோவைப் பிரித்து ஓட்டுகிற வேலையை ப்ராசஸரே தலையில் சுமந்துகொண்டிருந்தது.

"புதுப் பொட்டிம்மா, ஓட ஓட செட் ஆயிடும்," என்றார் பாய்.

எனக்கு வேண்டியதைச் சொன்னேன். இரண்டு மடங்குக்கு மேல் ரேம், வீடியோவை நேராகப் பிரிக்கத் தெரிந்த புது ப்ராசஸர், வேகமான எஸ்.எஸ்.டி. கண்ணாடி வேண்டாம், விளக்கு வேண்டாம். அப்படி ஒன்று கட்டித் தர முடியும், ஆனால் கட்டினால் எடுத்துக்கொண்டுதான் ஆக வேண்டும், ஓட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் பேஜார் என்றார் அவர். அதிலும் நியாயம் இருந்தது.

அப்போதுதான் மூலையில், ஓர் அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் பேசினார். இவ்வளவு நேரமும் நாங்கள் செய்த கூத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"நீங்க சொல்றதுதாங்க இந்தப் பொட்டியில இருக்கு. நான் ஒக்காந்துகினு இருக்கறது அதுமேலதான். ஓட்டிப் பாருங்களேன்."

அவர் தேசூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பாடங்களை வீடியோவாக எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்ப வேண்டும், சர்ச்சில் பாட்டுக் குழுவின் நிகழ்ச்சிகளையும் எடிட் செய்ய வேண்டும் என்று மச்சான் யாரோ எழுதிக் கொடுத்த சீட்டை அப்படியே பாயிடம் நீட்டி வாங்கியிருக்கிறார். பணம் கட்டி, டேப் ஒட்டி, பஸ்ஸுக்குக் கிளம்பத் தயாராக இருந்த பெட்டி. அதைப் பிரிக்கச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

"வேணாங்க சார், புதுசு."

"புதுசுதான். எனக்கும் இது எப்படி ஓடும்னு தெரியாது. ஓடலைன்னா இங்கயே தெரிஞ்சிடும். தெரியாமலே போயிருந்தா வீட்ல நிம்மதியா இருந்திருப்பேன், அதான் ஒரே கவலை," என்று சிரித்துவிட்டு, தானே சாவியால் டேப்பைக் கிழித்தார்.

மென்பொருள் ஏறுவதற்கு நேரம் எடுத்தது. அவருடைய பஸ் ஒன்று போய்விட்டது என்று பாய் சொல்ல, பின்னால் இன்னொன்று வரும் என்றார். வீடியோ ஓடியது. கலரைத் தொட்டேன், ஓடியது. இன்னொன்றை ஒட்டினேன், மேலே எழுத்து போட்டேன், மெதுவாக ஓடவிட்டேன். புடவை தண்ணீர் மாதிரி வழிந்துகொண்டு போனது. நான் கத்தியே விட்டேன். வாத்தியாரும் எழுந்து நின்று கை தட்டினார். தேர்வில் பாஸானது அவருடைய பெட்டியும்தானே.

"பாய், இதே மாதிரி ஒண்ணு!" என்றேன்.

பாய் உள்ளே போய்த் தேடிவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வந்தார். அந்த ப்ராசஸர் கடைசி ஒன்று சாருடைய பெட்டிக்குள் போய்விட்டதாம். சென்னையிலிருந்து அடுத்த வாரம்தான் வரும். இன்றைக்கே வேண்டுமென்றால் கண்ணாடிப் பெட்டியைத்தான் எடுக்க வேண்டும்.

எனக்குள் இருந்த காற்றெல்லாம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை நாளை மறுநாள். அண்ணி மெல்ல என் கையைப் பிடித்து, "அதயே எடுத்துக்கலாமா பாப்பா? கொஞ்சம் நின்னு நின்னு ஓடினா இன்னா?" என்றார். அண்ணியின் குரலில் இருந்தது அந்தக் கல்யாணப் பெண்ணைப் பற்றிய கவலை என்று தெரியும். ஒரு நிமிடம் நானும் அசைந்தேன். ஆனால் நின்று நின்று ஓடுவதை வாங்கினால், அது இந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிற விஷயமா? வருஷக்கணக்கில் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். வேண்டாம் அண்ணி, இந்தக் கல்யாணம் போனாலும் பரவாயில்லை, தப்பான பெட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எந்தக் கல்யாணம் என்று வாத்தியார் கேட்டார். அண்ணி எல்லாவற்றையும் சொன்னார். மாப்பிள்ளைச் சட்டை வரைக்கும் சொன்னார். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பெட்டியை எங்கள் பக்கம் நகர்த்தினார்.

"இத நீங்க எடுத்துக்கினு போங்க. அடுத்த வாரம் பாய் கட்டறத நான் எடுத்துக்கறேன். ரெண்டும் ஒண்ணுதானே?"

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் வேண்டாங்க சார் என்றோம். அவர் கேட்கவில்லை.

"என் பசங்க ஒரு வாரம் என் மூஞ்சிய வீடியோல பார்க்கலைன்னா கொண்டாடுவாங்க. கல்யாணப் பொண்ணு அப்படியா? சட்டையும் புடவையும் சேரலைன்னா ஃபோட்டோவுல ஆயுசுக்கும் நிக்கும்."

மானிட்டருக்கும் பெட்டிக்கும் நாங்கள் பணம் கட்டினோம்; பெட்டி விலை இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் பாய் பில்லை மட்டும் மாற்றிக் கொடுத்தார். அதற்குள் வாத்தியாருடைய ஃபோன் அடித்தது. அவர் மனைவி. ஸ்பீக்கரில் போட்டுவிட்டதை அவர் கவனிக்கவில்லை.

"பொட்டி வாங்கிட்டீங்களா? பொண்ணு மேசையெல்லாம் துடைச்சு வச்சிகினு ஒக்காந்துகிறா."

"வாங்கிட்டேன்."

"எங்க இருக்கு?"

"ஆரணிக்குப் போவுது."

"உங்கள பொட்டி வாங்க அனுப்பிச்சா, பொட்டிய தானம் பண்ணிட்டு வரீங்களா? இதுக்குத்தான் தனியா அனுப்பக் கூடாதுன்றது!"

கடையே சிரித்தது. அண்ணி ஃபோனை அவர் கையிலிருந்து வாங்கி, அந்த அம்மாவிடம் தானே பேசினார். என்ன சொன்னார் என்று எனக்கு முழுக்கக் கேட்கவில்லை. கடைசியில் அந்தப் பக்கத்திலிருந்து, "அட, கல்யாணத்துக்கா? அப்பச் சரி. புடவ எப்படி அமைஞ்சுதுன்னு ஃபோன் பண்ணிச் சொல்லணும், ஆமா," என்ற குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

மூன்று பேரும் ஆரணி வழியாக வந்தவாசி போகிற பஸ்ஸில்தான் ஏறினோம். மானிட்டர் அண்ணியின் மடியில் உட்கார்ந்தது. பெட்டியை ட்ரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் மேல் வைக்கலாம் என்றார் கண்டக்டர். சூடு ஆகாது சார் என்று வாத்தியார் சண்டை பிடித்து, தன் சீட்டில் பெட்டியை உட்கார வைத்துவிட்டு, ஆரணி வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். அது இனி அவர் பெட்டி இல்லை. நாங்கள் இறங்கும்போது ஜன்னல் வழியாகக் கையாட்டினார். கையில் ஒரு குடையைத் தவிர ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை வெளிச்சம் வந்ததும் வேலையை ஆரம்பித்தோம். அண்ணி நீலச் சாயல் இருக்கிற புடவைகளை மட்டும் பொறுக்கி எடுத்தார். ஒவ்வொன்றையும் அசைத்து, சாய்த்து, நடந்து காட்டினார். நான் எடுத்து, புதுப் பெட்டியில் போட்டு, வெள்ளைக் காகிதத்தை வைத்து நிறத்தைச் சரிசெய்தேன். அண்ணி பக்கத்தில் நின்றுகொண்டு, புடவையை ஜன்னலோரம் பிடித்து ஒவ்வொன்றுக்கும் கறாராகப் பேசினார். "ஊதா தூக்குது, இறக்கு." "கொஞ்சூண்டு." "அய்ய, போச்சு. திரும்ப ஏத்து." எத்தனை முறை ஏற்றி இறக்கினேன் என்று தெரியாது. பெட்டி ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. இந்தப் புடவையைச் சாய்த்தால் ஊதா ஓடும், நிழலில் கொஞ்சம் கருக்கும், தீபத்துக்கு முன்னால் வேறு மாதிரி இருக்கும் என்று, மறைக்காமல் அண்ணி குரலிலேயே பதிவு செய்து அனுப்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை ஃபோன் வரவில்லை. அண்ணி தறியில் உட்காரவும் இல்லை, எழுந்து வேறு வேலை பார்க்கவும் இல்லை. பிறகு ஒரே வரியில் பதில் வந்தது, மூன்றாவது புடவை என்று. நீலத்தில் ஊதா ஓடுகிற புடவை அது. அனுப்பினோம். ஆனால் எங்களுக்கு உண்மையான பயம் அதற்குப் பிறகுதான். போன முறையும் பிடித்துத்தானே வாங்கினாள்?

பார்சல் போய்ச் சேர்ந்த அன்று அந்தப் பெண் வீடியோ கால் செய்தாள். மொட்டை மாடிக்கு ஏறிப்போய், கொடிக் கயிற்றில் புடவையை விரித்தாள். மாப்பிள்ளைச் சட்டைத் துணியை எடுத்து மேலே வைத்தாள். காற்றில் இரண்டும் அசைந்தன. அவள் எதுவும் சொல்வதற்குள், பின்னாலிருந்து அவள் அம்மா வந்து புடவையை உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டு ஃபோனைப் பார்த்தார்.

"அம்மா! கல்யாணம் எனக்கு!"

"இருடி. ஒரு தரம் வச்சுப் பார்த்துட்டுத் தர்றேன்."

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு முதல் வேலையாக, தேசூருக்கு ஃபோன் போட்டு அந்த வாத்தியார் மனைவியிடம் விவரம் சொன்னார். வாக்குக் கொடுத்திருந்தாரே.

வாத்தியாருக்கும் அடுத்த வாரம் பெட்டி கிடைத்துவிட்டது. இந்த முறை மனைவியும் கூடப் போயிருந்தாராம். இப்போது அவர் வீட்டில் ஒரு சிக்கல்: மகள் எடிட்டிங் கற்றுக்கொண்டுவிட்டாள், அப்பாவை ஓரமாக உட்கார வைத்துவிட்டுத் தானே எல்லாம் செய்கிறாள். ஆனால் வெயிலில் நிழலை அளந்து அவர் நடத்துகிற ஒரு பாடம் மட்டும் சரியாகப் பதிவாக மாட்டேன் என்கிறதாம், முகம் கறுத்துப் போகிறது, இல்லை வானம் வெளுத்துப் போகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அண்ணியையும் கூட்டிக்கொண்டு தேசூருக்குப் போகிறேன். வெயிலையும் நிழலையும் ஒரே திரையில் உண்மையாகக் கொண்டுவர முடியுமா என்று பார்த்துவிடப் போகிறேன். ஒரு ஞாயிறு போதாவிட்டால் அடுத்த ஞாயிறும் போவேன். வேகம் என்பது என்னுடைய சொந்தத் திறமை என்றுதான் வேலூருக்குப் போன அந்த நாள் வரை நினைத்திருந்தேன். முன்பின் தெரியாத ஒருவர் தன் முறையை நிறுத்தி வைத்து எனக்கு வழிவிட்டதால்தான் அன்று என்னால் ஓட முடிந்தது என்பது, அவசரப்பட்டு எழும் ஒவ்வொரு முறையும் இப்போது எனக்கு ஞாபகம் வருகிறது.